கோட்டின் மேல் நின்றவன்

கிடங்கின் தரை முழுக்க உலகப் படம் வரைந்திருந்தார்கள். எந்த நாட்டுக்கு எத்தனை பெட்டி காசநோய் மாத்திரை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். நன்கொடை கொடுப்பவர்களின் அதிகாரி தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சுமை தூக்கும் சவரிராயன் நாடு நாடாகப் பெட்டிகளை இறக்கினான்.

"இந்த நாட்டுப் பெட்டியெல்லாம் எடுத்துப் பக்கத்து நாட்டுல வைப்பா. இங்க சராசரி வருமானம் கூடிப்போச்சு."

"நோய் குறைஞ்சிருச்சா சார்?"

"அது குறையல. ஆனா பக்கத்து நாட்டுக்காரங்க இன்னும் ஏழை. அங்கயும் சாகுறாங்க. இருக்கிற பெட்டி இவ்வளவுதான்."

சவரிராயன் கொஞ்சம் யோசித்தான். "எங்க மேஸ்திரி கார் வாங்கினப்ப எங்க கூட்டத்துக்கும் சராசரி கூடியிருக்கும். அந்த வருசந்தான் நான் ஆறு மாசம் இதே மாத்திரைய முழுங்கினேன். அப்ப எனக்கும் மாத்திரைய நிறுத்தியிருப்பீங்களோ?"

அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுத் தாளைப் புரட்டினார்.

கடைசிப் பெட்டியைத் தலையில் ஏற்றிய சவரிராயன், ஒரு கால் இந்த நாட்டிலும் மறு கால் அந்த நாட்டிலுமாக எல்லைக் கோட்டின் மேல் நின்றான். அதிகாரி தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சொல்லுங்க சார், கழுத்து வலிக்குது."