முதுகுக்கு ஒரு பெட்டி

செவலை என்ற பெண்குதிரையின் முதுகில் உட்கார்ந்தபடியே சேணம் பெருமூச்சு விட்டது. "ஊர் ஊரா அலைஞ்சு அலுத்துப்போச்சு. கடிவாளத்துக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. நாங்க படுக்க ஒரு மரப்பெட்டி வேணும்."

செவலைக்கும் அது சரியென்றே பட்டது. இவர்கள் பெட்டிக்குள் படுத்துவிட்டால் தானும் கொஞ்சம் காலை மடக்கிப் படுக்கலாமே!

ஆசாரி வேலைக்கு மரங்கொத்தி வந்தது. பலகை சுமக்க வேறு ஆளில்லை. காட்டுக்கும் லாயத்துக்கும் செவலைதான் எட்டு நடை நடந்தது. எட்டு நடையும் அதன் முதுகிலேயே வந்த சேணம், "அப்பப்பா, என்ன வெயில்!" என்று அலுத்துக்கொண்டது.

மரங்கொத்தி சேணத்தை அளக்கவில்லை. செவலையின் முதுகில் ஏறி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தது.

"என்னை எதுக்கு அண்ணே அளக்கறீங்க?"

"எல்லாம் உன் முதுகுக்குத்தான் தாயி."

செவலைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதன் முதுகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சந்தோஷத்தில், கேட்காமலேயே இன்னும் ஒரு நடை போய்ப் பலகை கொண்டுவந்தது.

பெட்டி முடிந்தது. உள்ளே பஞ்சு மெத்தை. சேணமும் கடிவாளமும் ஏறிப் படுத்துக்கொண்டன. செவலை மெல்ல முன்னங்காலை மடக்கியது.

"படுத்துடாதே தாயி," என்ற மரங்கொத்தி, பெட்டியைச் சாய்த்து அடிப்பலகையைக் காட்டியது. செவலையின் முதுகுக்கு அச்சாகப் பொருந்தும்படி அது குழித்துச் செதுக்கப்பட்டிருந்தது. "எவ்வளவு தூரம் சுமந்தாலும் துளிகூட ஆடாது, பாரேன்."

பெட்டிக்குள்ளிருந்து சேணம் கொட்டாவி விட்டது.

"மெதுவாவே போ செவலை. எங்களுக்குத் தூக்கம் வருது."