வலது கதவின் கீழ்

டக்.

காந்தம் முன் மட்கார்டில் ஒட்டிக்கொண்டது.

வந்தவன் அதைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி வைத்தான். டக். இன்னும் ஒரு சாண். டக்.

அவள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். டீ கொஞ்சம் தட்டில் சிந்தியது. தட்டைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள்.

இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டிப் பசை வைத்து மெழுகியிருந்தால் விழும். பழைய கார் வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியும். இவன் கொண்டுவந்தது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற வகை. பெயிண்ட் கீறாமலிருக்க அதைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தான்.

நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

"இந்த பானட்டைத் தேடி ஞாயித்துக்கிழமை ஆனா உக்கடம் போயிருவனுங்க," என்றான் அவள் கணவன். "பழைய இரும்புக் கடைக்காரரு எனக்குன்னு தனியா ஒரு ஸ்டூலே போட்டுட்டாரு."

"வேலைக்குப் போற மாதிரி போயிருக்கீங்க."

"வேலைக்குக்கூட அப்படிப் போனதில்லைங்க."

இருவரும் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் மோரிஸ் மைனர். பதினோரு வருடமாகப் போர்டிகோவில் நிற்கிறது. ஸ்கூட்டர் மழையில் நிற்கிறது. வாஷிங் மெஷின் படுக்கையறையில் நிற்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க அதன் கார்புரேட்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

போன மாதம் அவள் கணவனே சொன்னான்.

"குடுத்துரலாம்."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பேசினால் மனதை மாற்றிக்கொள்வான் என்று பயமாக இருந்தது.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் வலது கதவுக்கடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தக் காருக்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடுகிற தகரப் பெட்டிதான் எடையைத் தாங்குகிறது. அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் அவன் அப்படித்தான் செய்திருந்தான்.

அந்த இருவரும் போன பிறகு இந்த ஒரு இடத்தில் மட்டும் பட்டி வைத்தான். தோள்வலி. வெல்டிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

அவள்தான் குழைத்துக் கொடுத்தாள். காய்ந்ததும் அவளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வழவழவென்று வந்தது.

அவன் அதன்மேல் பெயிண்ட் அடித்தான்.

இன்று இந்த வண்டி போய்விட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வந்தவனின் மனைவி தாரணி காரின் பக்கம் போகவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் அருகில் வந்து நின்றாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

"எங்க மாமனாரு தவறுனதுல இருந்து இவரு வாயே தொறக்கலீங்கக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வேலைக்குப் போவாரு, வருவாரு, படுத்துக்குவாரு. நேத்து இந்த வண்டி போட்டோவைக் காட்டிப் பேச ஆரம்பிச்சாரு. நிறுத்தவே இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை. கேட்டுட்டே இருந்தேன்."

டீயை ஆற்றினாள்.

"நல்ல வண்டிதானுங்களாக்கா?"

அவள் தட்டில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தாள்.

"தாரணி," என்று வந்தவன் கூப்பிட்டான். "அந்தப் பக்கம் நீ வெச்சுப் பாரு. நான் இஞ்சினைப் பாத்துக்கறேன்."

ஆண்கள் இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டார்கள்.

தாரணி காந்தத்தை வாங்கிக்கொண்டு வலது பக்கம் போனாள். அவளும் பின்னால் போனாள்.

மட்கார்டில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. பின்பக்கம் ஒட்டியது. ஒவ்வொரு முறையும் தாரணி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு போதும் என்று நிமிர்ந்தாள்.

அவள் சும்மா இருந்திருக்கலாம்.

"அங்கெல்லாம் இல்லை," என்றாள். "கதவுக்குக் கீழ வெச்சுப் பாரு."

தாரணி குனிந்தாள்.

காந்தம் விழுந்தது.

எடுத்து மறுபடி வைத்தாள். விழுந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தாள். விழுந்தது.

பானட்டுக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் நிமிர்ந்தான். தரையில் கிடந்த காந்தத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

தாரணி காந்தத்தைப் பொறுக்கினாள்.

வந்தவன் மூக்கில் கிரீஸோடு சுற்றிக்கொண்டு வந்தான். பெண்கள் இருவரும் விலகி வழிவிட்டார்கள். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

"பாத்தியா தாரணி? ஒட்டுதா?"

தாரணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையோடு காந்தத்தை உள்ளங்கைக்குள் மூடினாள்.

"ஒட்டுதுங்க. எல்லா இடத்துலயும்."

அவன் கதவை இழுத்தான். மூடிக்கொள்ளவில்லை. அடியில் எங்கோ இடித்தது. இன்னும் வேகமாக இழுத்தான்.

பழக்கத்தில் அவள் கை நீண்டது.

அதற்குள் தாரணி கதவின் அடியில் கை கொடுத்து, மெல்லத் தூக்கி, சாத்தினாள்.