அவகாசம்

“சோனாவோட பொறப்புச் சர்டிபிகேட்டை எடும்மா. புள்ளையவும் கெளப்பு. வக்கீல் ஆபீசுக்குப் போகணும்.”

மாமனார் இன்னாசிராஜ் அவ்வளவுதான் சொன்னார். அன்னமேரி ஓடிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கணவன் இறந்து இரண்டு வருஷம். மறுகல்யாணத்துக்கு அவள் தலையாட்டி முழுசாகப் பத்து நாள்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து மனுஷன் அவளோடு பேசவே இல்லை. இன்று வாயைத் திறந்தால், வக்கீல்!

“நீ கட்டிக்கிட்டுப் போனா புள்ளைய அவுக விடுவாகளா? பேத்திக்கு நாங்கதான் கார்டியன்னு கேஸ் போடுவாக பாரு” என்று பக்கத்து வீட்டுச் செல்வப்பிரியா முந்தாநாளே பற்றவைத்திருந்தாள்.

வண்டிப்பெரியார் டவுனுக்குப் போய்ச் சேரும்வரை ஜீப்பில் அவள் மகளை மடியிலிருந்து இறக்கவில்லை. தன்னைப் பெற்ற அப்பனும் உயிரோடு இல்லை. தனக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

வக்கீல் ஆபீசில் முத்திரைப் பத்திரம் தயாராக இருந்தது. இன்னாசிராஜ் கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

“அவகாசம் ஒழிஞ்ஞு, கேட்டோ. இவிடெ ஒப்பிட்டோளூ.”

கம்பத்திலிருந்து கேரளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையாளம் இன்னும் அரைகுறைதான். ஆனால் இது நன்றாகவே புரிந்தது. அவகாசம் ஒழிந்தது. கெடு முடிந்துவிட்டது. இனி சோனா அவளுக்கு இல்லை.

“மாட்டேன்!” பிள்ளையை இறுக்கிய இறுக்கில் சோனா வீறிட்டாள். “எனக்குக் கல்யாணமே வேண்டாம் மாமா. இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுங்க. எம்புள்ளையப் புடுங்கிராதீக!”

இன்னாசிராஜ் திருதிருவென்று விழித்தார். பிறகுதான் விஷயம் உறைத்தது.

“அட கிறுக்குப் புள்ள! மலையாளத்துல அவகாசம்னா உரிமைம்மா. சோனா மேல எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்னு நான்தான் விட்டுக் குடுத்து எழுதியிருக்கேன். நாளைக்கு எங்காளுக எவனும் அவளக் கேட்டு உன் வாசல்ல வந்து நிக்கக் கூடாதுல்ல?”

“வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல மாமா...”

“சொன்னா நீ அழுவ. அதப் பாத்து என் மனசு மாறிருமோன்னு பயமா இருந்துச்சு.”

பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“ஒரு உரிமைய மட்டும் விட்டுக் குடுக்கல. மாதா கோயில்ல உன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி மாப்பிள்ளைகிட்ட ஒப்படைக்க ஒரு அப்பன் வேணும்ல? அது நான்தான்.”