செப்புக் குடத்தோடு போனவன்

கனகரத்தினம் சொல்லும் மணற்காட்டுக் கதையை ஆழ்வாப்பிள்ளை நாலு வருசமாக நம்பவில்லை. நம்பாமலே நாலு வருசமும் தலையாட்டினார். கனகரத்தினம் சங்கக்கடை மனேச்சர். கரண்ட் இல்லாத ஊரில் பங்கீட்டு மண்ணெண்ணெய் அளக்கிற கை அவருடையது. தலையாட்டாமல் என்ன செய்வது?

கொடிகாமத்துப் பக்கம் எந்தச் செத்த வீட்டிலும் பிரேதம் எடுத்த பிறகு ஒரு பேச்சு வரும். சாம்பலை எங்கே கரைப்பது? வழமையாகக் கரைக்கிற கீரிமலைக் கடற்கரை ஆமிக்காரன் கையில் போனதிலிருந்து எல்லாருக்கும் அதுதான் தலையிடி.

அந்தப் பேச்சுக்காகவே கனகரத்தினம் காத்திருப்பார். அன்றைக்குக் கதிரவேலு வீட்டிலும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தொடங்கினார்.

"எங்கை வேணுமெண்டாலும் கரையுங்கோ. மணற்காட்டுக் கடற்கரைக்கு மட்டும் போகாதேங்கோ. உவங்கள் சாம்பலையும் விடாங்கள்."

"சொல்லுங்கோ அண்ணை," என்றார் தம்பிஐயா. பத்துத் தரம் கேட்ட கதை. தேத்தண்ணி ஆறுமட்டும் ஏதாவது வேண்டுமே.

"தொண்ணூற்றொண்டிலை எங்கடை ஐயா செத்தாப் பிறகு போனனான். குடத்தனையிலை சைக்கிளை விட்டிட்டு, ஒற்றையடிப் பாதையாலை ரெண்டு மைல் நடை. முழங்கால் மட்டும் புதையிற மணல். சவுக்கையும் தாழம்பத்தையையும் விட்டால் ஒரு காக்காய் குருவி இல்லை. கையிலை ஐயாவின்ரை சாம்பல். மண்முட்டியிலை இல்லை, செப்புக் குடத்திலை! எங்கடை குடும்பத்துக்கெண்டு ஒரு மதிப்பு இருக்குதல்லோ?"

"ஓம், ஓம்."

"கரையிலை ஒருத்தன் நிண்டான். சிமியோனாம். கடலுக்குப் போகத் தடையெண்டபடியால் சும்மா நிக்கிறான். 'ஐயா, உங்களுக்குக் கடல் பழக்கமில்லை. குடத்தைத் தாருங்கோ, நான் கரைச்சிட்டு வாறன்' எண்டான். நானும் பாவமெண்டு குடுத்தன்..."

"கம்பி நீட்டியிட்டான்!" என்றார் தம்பிஐயா, மனப்பாடமாக.

"செப்பைக் கண்டவுடனை புத்தி போயிட்டுது. செத்தவனின்ரை சாம்பலெண்டும் பாக்கேல்லை. கள்ளப்பயல், குடத்தோடை ஓடியிட்டான்!"

பந்தல் சிரித்தது. ஆழ்வாப்பிள்ளையின் வாயும் பழக்கதோசத்தில் சிரித்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து செத்த வீட்டுக்கு வந்திருந்த கனகாம்பிகை. இந்தக் கதையை அவள் முதல் முறையாகக் கேட்கிறாள்.

"கொள்ளி வைச்ச பிள்ளை நீங்களல்லோ அண்ணை? ஏன் நீங்கள் இறங்கேல்லை?"

"நேவிக்காரன்ரை படகு தூரத்திலை நிண்டது பிள்ளை. உயிரோடை விளையாடுறதே?"

"அப்ப அவன் எந்தப் பக்கம் ஓடினவன்?"

"என்ன கேள்வி உது?"

"இல்லை, அது வெறும் மணல்வெளி. ஓடினால் கனதூரம் தெரியும். பிடிக்கப் பாக்கேல்லையோ?"

கனகரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் மனிதருக்கு உண்மை வாய் தவறி வரும்.

"எப்பிடிப் பிடிக்கிறது? அவன் கடலுக்கையெல்லோ போனவன்! கழுத்தளவுக்குப் போயிட்டான். அந்த நேரம் பாத்து ஆமியின்ரை ஹெலிகொப்டர் வந்திட்டுது. படபடவெண்டு துவக்குச் சூடு. நான் தாழம்பத்தைக்குள்ளை விழுந்து, எழும்பி, குடத்தனைச் சந்தி மட்டும் ஒரே..."

அவர் வெற்றிலைத் தட்டைத் தேடினார். அது அவருக்கு முன்னாலேயே இருந்தது.

பந்தலில் எல்லாரும் தேத்தண்ணியை மிகவும் கவனமாகக் குடித்தார்கள். அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும்.

ஆழ்வாப்பிள்ளைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. முதல் நாளே தொண்டைவரை வந்த கேள்வி. எத்தனை செத்த வீடுகளில் அதை விழுங்கியிருக்கிறார்! மணற்காடு என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? தானாவது ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விசாரித்தாரா?

கிளாசைக் கீழே வைத்தார்.

"அண்ணை," என்றார். "ஹெலி போனாப் பிறகு, அந்த மனிசன் கரையேறினவரோ எண்டு திரும்பிப் போய்ப் பாத்தனீங்களோ?"