ஐந்தாம் மாடிக்காரி

"அவளேதான். சத்தியம் பண்ணிச் சொல்றேன்" என்றார் ஓக்பூன், மிளகாய் விழுது அப்பிய ரப்பர் கையுறையை ஐந்தாம் மாடி ஜன்னலை நோக்கி நீட்டி. குடியிருப்பின் மகளிர் சங்கத் தலைவி சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. முற்றத்தில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் முட்டைக்கோஸைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜன்னலில் திரை தொங்கியது. குடிவந்து இரண்டு மாதமாகியும் அந்தப் பெண் பகலில் தலைகாட்டியதில்லை. குப்பை கொட்ட வந்தால்கூடத் தொப்பி, முகமூடி, கணுக்கால் வரை கறுப்புக் குளிர்கோட்டு. புதிதாக வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு கொடுக்கும் அரிசிப் பலகாரத்தையும் அவள் கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் பலகாரத்தை ஓக்பூனால் மன்னிக்க முடியவில்லை.

'அவள்' யாரென்று ஊருக்கே தெரியும். மாவட்ட விளையாட்டு அணியில் இருந்துகொண்டு, பயிற்சியாளர் அடித்தார், உதைத்தார் என்று போலீஸுக்குப் போனவள். அவர் ஜெயிலுக்குப் போனார், அணியைக் கலைத்தார்கள், வரவேண்டிய பதக்கமும் வரவில்லை. டிவியில் அவள் முகத்தை மங்கலாக்கிக் காட்டினார்கள், பெயரையும் சொல்லவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு முகத்தை வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தார்கள்.

"அடிச்சா என்ன இப்போ? நாம எல்லாம் அடி வாங்காமலா வளர்ந்தோம்?" என்றார் ஓக்பூன். அவள் இங்கே இருப்பது வெளியே தெரிந்தால் வீட்டு விலை விழுந்துவிடும் என்று மூன்றாம் மாடி மிசோன் கவலைப்பட்டாள். மிசோன் இருப்பதே வாடகை வீட்டில்.

நாரே மட்டும் இந்தப் பேச்சில் சேராமல், ஊறவைத்த முட்டைக்கோஸ் தொட்டிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி வந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்குப் பார்சல் கொண்டுவருகிற பெண். லிஃப்ட் படுத்துவிட்டால் அரிசி மூட்டையைக்கூட முகம் சுளிக்காமல் மாடிக்கு ஏற்றிவிடுவாள். இன்று லீவு நாளிலும் உதவிக்கு வந்திருந்தாள்.

கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் தன் மகன் கியுசிக்குக்கு இவளைத்தான் கட்டிவைப்பது என்று ஓக்பூன் எப்போதோ முடிவு செய்துவிட்டார். குடியிருப்பு முழுக்கச் சொல்லியும் விட்டார். நாரேவிடம் சொல்லவில்லை. கியுசிக்கிடமும் சொன்னதாக ஞாபகமில்லை.

புதுக் கிம்ச்சி இலையில் வெந்த பன்றி இறைச்சியைச் சுருட்டி, "வாயைத் திற, தங்கம்" என்று நாரேவுக்கு ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, அந்த மாதிரிப் பொண்ணை எவன் கட்டுவான் என்று மேலே பார்த்து ஒரு கேள்வியும் கேட்டார். நாரே மெல்லுவதை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"காரமா இருக்கா?"

"ஆமா அத்தை" என்றாள் நாரே.

ஓக்பூனும் மிசோனும் நேரில் போய்க் காலி பண்ணச் சொல்வது என்று முடிவாயிற்று. சும்மா போனால் கதவைத் திறக்கமாட்டாள், கிம்ச்சி என்றால் திறப்பாள் என்பது தலைவியின் யோசனை. வழக்கம்போல் லிஃப்ட் படுத்திருந்ததால் கனமான கிம்ச்சி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாரேவும் கூட வரவேண்டியதாயிற்று. ஐந்து மாடி ஏறுவதற்குள் ஓக்பூனுக்கு மூச்சு வாங்கியது, கோபம் மட்டும் குறையவில்லை.

கிம்ச்சி என்றதும் கதவு திறந்தது. உள்ளே நின்றவள் குளிர்கோட்டு இல்லாமல் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. போனில் வாராவாரம் வருகிற படக்கதை வரைகிறேன், ராத்திரியெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம், அதனால்தான் யாரையும் வந்து பார்க்கவில்லை என்று பலகாரத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

"கதையெல்லாம் போன்லயே வெச்சுக்க. எங்களுக்குத் தெரியும் நீ யாருன்னு" என்றார் ஓக்பூன். "பளு தூக்கிப் பதக்கம் வாங்க வேண்டியவ, சொல்லிக்கொடுத்தவரையே ஜெயிலுக்கு அனுப்பினியே?"

"பளுவா? நானா?" அந்தப் பெண் நிஜமாகவே திகைத்துப் போனாள். மரியாதைக்காக நாரேவின் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் டப்பாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிசோன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். ஆள் மாறிவிட்டதோ என்று ஓக்பூனுக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஐந்து மாடி ஏறி வந்தாயிற்று, வெறுங்கையோடு இறங்குவது தலைவிக்கு அழகல்ல.

"நடிப்பைப் பாருங்கடி. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு."

குளிர்காலத்தில் நான் எங்கே போவேன் என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். ஓக்பூன் அசையவில்லை. நாரேவின் தோளைப் பிடித்து இழுத்து, அந்தப் பெண்ணின் முன்னால் நிறுத்தினார்.

"இவளைப் பாரு. என்னிக்காவது யாரையாவது ஒரு வார்த்தை குறை சொல்லியிருப்பாளா? பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

நாரே குனிந்து, அழுகிறவளை எழுப்பி நிறுத்தினாள். பிறகு ஓக்பூனின் கையைத் தன் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"அவங்களை விட்டுடுங்க அத்தை. அது நான்தான்."