கையில் வாங்காத இரும்பு

முன்கை மயிரைக் கத்தியால் வழித்து, ஊதிவிட்டான். அவள் புடவையில் வந்து விழுந்தது.

தட்டிவிட்டாள். ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றன.

"பாத்தீங்களா அத்தை? இதுதான் பதம்."

மாப்பிள்ளை நவநீதன். மகள் சிந்துஜாவுக்கு வாய்த்தவன்.

சந்தை இரும்புக் கடையில் சாக்கின் முன் குத்தவைத்து, வந்ததிலிருந்து ஒவ்வொரு கத்தியாக எடுத்து வழித்துக்கொண்டிருக்கிறான். இடது கை பாதி மொழுக்கென்று ஆகிவிட்டது. சொந்த மாப்பிள்ளைதான். ஆனாலும் பார்க்க அருவருப்பாக இருந்தது.

நாளைக் காலையில் சிந்துஜாவையும் மூன்று மாதப் பிள்ளையையும் அழைத்துப்போகிறான்.

கைப்பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போகிறவளுக்குத் துணையாக இரும்பு கொடுத்துவிட வேண்டும். ஒரு சின்னக் கத்தி. மடக்குக் கத்தி ஆகாது. பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு வெளியே தெரியக் கிடக்க வேண்டும். அப்போதுதான் காத்து கருப்பு அண்டாது.

அதை வாங்கத்தான் அவள் கிளம்பினாள். "ஒங்களுக்கு இரும்பு பாக்கத் தெரியாது அத்தை" என்று இவன் பின்னாலேயே வந்துவிட்டான்.

கடைக்காரர் முதலில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் கத்தியை எடுத்துப் போட்டார்.

"அது வேணாம்ணே. துருப்பிடிக்கிறதா குடுங்க."

நவநீதன் சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை. என்ன விசேஷம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தப் பேயாவது எவர்சில்வருக்குப் பயந்ததுண்டா?

பச்சை இரும்பில் அடித்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மழுங்கல். வாழைப்பழத்தை நறுக்கவே யோசிக்கும். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பேய்க்கு இரும்பு இருந்தால் போதும், கூர் எதற்கு?

"வெட்டாத கத்தி எதுக்கு அத்தை? இதப் பாருங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. எவ்வளவு பாரம் ஏத்துனாலும் ஒடியாது. வளஞ்சு குடுக்கும், தானா நிமிந்துக்கும்."

பேச்சில் தேன் ஒழுகும் இவனுக்கு. சிந்துவை ஒரு குடம் தூக்க விடமாட்டேன் என்பான். தெருவே மெச்சும்.

கத்தியை அவள் முன் நீட்டினான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கீழ வைங்க மாப்பிள்ள. இரும்பக் கைக்குக் கை குடுத்தா பகை வரும்."

"இந்தக் காலத்துலயுமா?"

சாக்கில் வைத்தான். பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். அரிவாள்மனையைக்கூட அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. யார் கையிலிருந்தும் வாங்கியதில்லை.

"இன்னும் கொஞ்சம் தீட்டணும்."

இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினான்.

சரக்கென்று, ஒரே இழுப்பில். பழகின கை.

"இந்த முனையக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க அத்தை."

பிடித்தாள். பக்கிள் அவள் உள்ளங்கைக்குள் வந்தது. மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டு, தோலின் மேல் கத்தியை இப்படியும் அப்படியும் இழுத்தான். அவன் இழுக்க இழுக்கப் பக்கிள் கையில் அழுந்தியது. வலித்தது. மாப்பிள்ளை சொன்ன வேலை, விட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள்.

"போதும், விட்டுருங்க."

விட்டாள். கையைப் பார்த்தாள்.

சிவந்து பதிந்திருந்தது.

ஒரு சதுரம். ஒரு மூலை மட்டும் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் தடவை வெந்நீர் ஊற்றிய அன்று இதைப் பார்த்திருக்கிறாள். மகளின் தோள்பட்டைக்குக் கீழே. ஆறிக் கறுத்துப்போன சதுரம். ஒரு மூலை இல்லாத சதுரம்.

"கட்டில் இடிச்சிருச்சும்மா" என்றாள் சிந்துஜா.

"பாத்துப் படுக்கறதுக்கென்ன?" என்று இவள் வைதாள்.

கட்டிலாம். எந்த ஆசாரி செய்த கட்டில் முதுகில் இப்படி முத்திரை குத்தும்? நம்புவதற்குத் தோதாக இருந்தது, நம்பினாள். மேலே தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவளே ஒரு நாள் புத்தி சொல்லியிருக்கிறாள். அந்த வாயை இப்போது சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும்போல் இருந்தது.



எதிரே அவன் இன்னொரு முறை கையை வழித்தான். ஊதினான். இந்த முறை அவள் தட்டிவிடவில்லை.

காத்து கருப்பு அண்டக்கூடாது என்று வந்தாள். பெல்ட்டை மடியில் போட்டுக்கொண்டு அது பதம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பப் பாருங்க அத்தை, தொட்டாலே இறங்கும்."

மறக்காமல் கத்தியைச் சாக்கின் மேல் வைத்தான். அத்தை மனம் கோணக்கூடாதல்லவா.

"எது எடுக்குறீங்க? மொட்டையா, கூரா?" என்றார் கடைக்காரர்.

மழுங்கலை அவள் அவர் பக்கம் தள்ளினாள்.

"கூரானதே இருக்கட்டும்."

ஆனால் குனிந்து எடுக்கவில்லை. சதுரம் பதிந்த கையை மாப்பிள்ளை முன் விரித்து நீட்டினாள்.

"கையில குடுங்க."

"பகை வரும்னீங்களே?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

சிரித்துக்கொண்டே கொடுத்தான்.