டின்னுக்குள் ஓர் உருண்டை

"உங்க வீட்டுக்காரர் இன்னும் பார்லதான் இருக்காரா?" என்று கேட்டார் பீர் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர்.

"ஆமா சார். பாரை மூடினாத்தான் அவருக்கு வீட்டு ஞாபகமே வரும்," என்றாள் டின் வடிவமைக்கும் இன்ஜினீயர், கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

இப்படி ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாளே என்று மேனேஜருக்குப் பாவமாக இருந்தது.

டின் பீரை ஊற்றினாலும் பார் குழாயில் பிடித்ததுபோல வெண்ணெய் மாதிரி நுரை நிற்க வேண்டும். அதற்குத்தான் டின்னுக்குள் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. உருண்டைக்குள் நைட்ரஜன் வாயு. வெளியே வர ஊசிமுனை அளவு ஓட்டை. டின்னைத் திறந்ததும் வாயு சீறிக்கொண்டு வந்து பீரைக் கடைந்துவிடும். சொல்வதற்கென்ன, சுலபம்தான். முதல் உருண்டை பழைய மேனேஜரின் சட்டையைக் குளிப்பாட்டியது. அடுத்தது பாத்திரம் கழுவிய தண்ணீராக வடிந்தது. இன்றும் சொதப்பினால் திட்டத்தையே ஊற்றி மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"பார்ல கிடைக்கிற நுரை வீட்டுலயே கிடைச்சா, யாரு சார் பாருக்குப் போவாங்க?" என்றபடி டின்னைத் திறந்தாள்.

நுரை பொங்கி வந்து, வழியாமல் விளிம்பிலேயே நின்றது. மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு மீசையைத் துடைக்கக்கூட மறந்துபோனார்.

"அசல் குழாய் பீரும்மா. இனிமே உங்க வீட்டுக்காரரும் வீட்டுலயே உக்காந்து குடிக்கலாம்," என்றார். அவள் சிரித்துக்கொண்டாள்.

டின் கடைகளுக்கு வந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒருநாள், இன்னும் இருட்டக்கூட இல்லை, கணவன் வாசலில் நின்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாக இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"உன் உருண்டை ஜெயிச்சிடுச்சு," என்றான் அவன். "ஆளாளுக்கு டின்னை வாங்கிக்கிட்டு வீட்டைப் பார்க்கப் போயிடறாங்க. பகல் வியாபாரமே போதும், சாயங்காலத்தோட பாரைச் சாத்திடலாம்னு முதலாளி சொல்லிட்டார்."

வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்திராத அந்த பார் ஊழியன், ஊருக்கெல்லாம் பீர் பிடித்துக் கொடுத்த கையைக் கழுவிக்கொண்டு, அவள் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தான்.